முப்பத்தேழாம் விளக்கு

வெல்னஸ்னு யாராவது வாயத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு மாத்திரை விக்கிறான், பாய் விக்கிறான், குடிக்கிற தண்ணியக்கூட விக்கிறான். அப்படிப்பட்ட என் தலையிலதான் பல்கலைக்கழகப் பிள்ளைங்களுக்கு வெல்னஸ் ஆப் டிசைன் பண்ற வேலை வந்து விழுந்துச்சு. மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லாம கனா காண ஆரம்பிச்சுட்டேன். என் குணம் அது.

என் பேரு சிவசங்கரி. ஆபீஸ்னு சொல்லிக்கிறது குருசுக்குப்பத்துல ஒரு மாடி ரூம்பு. கீழ் வீட்டுல பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆன ஒரு சொல்தா இருக்காரு. மத்தியானம் ஆனா ரேடியோவ சன்னமா வச்சுட்டு தூங்கிடுவாரு. மாடில நானும் இளம்பரிதியும். நான் படம் போடுவேன், அவன் கோட் எழுதுவான். என்னவிட மூணு வயசு சின்னவன். அக்கா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே என் தலையில மிளகா அரைப்பான்.

மத்த ஆப்பெல்லாம் எடுத்துப் பாத்தேன். ஒண்ணுல மஞ்ச மூஞ்சி குதிக்குது. இன்னொண்ணுல காலங்காத்தால ஒரு பொன்மொழி. அழுதுட்டு இருக்கறவகிட்ட போய் பொன்மொழி சொன்னா போனத் தூக்கிக் கடாசமாட்டாளா? அதனால நான் ஒண்ணே ஒண்ணுதான் வரைஞ்சேன். ஆப்பத் திறந்தா இருட்டுத் தண்ணி. தண்ணி மேல ஒரு அகல் விளக்கு. விரல மேல இழுத்தா வெளிச்சம் ஏறும், கீழ இழுத்தா இறங்கும். இன்னைக்கு நீ எவ்வளவு வெளிச்சமா இருக்கன்னு விரலாலேயே சொல்லிட்டுப் போயிடலாம். ரொம்பக் கம்மின்னா ஒண்ணு, நல்ல வெளிச்சம்னா அஞ்சு. ஒண்ணுக்குக் கீழ எவ்வளவு இழுத்தாலும் விளக்கு அணையாது. அணைஞ்ச விளக்க வரையவே மாட்டேன்னு பிடிவாதமா இருந்தேன்.

சோதனைக்கு அறுபது பிள்ளைங்க சேர்ந்தாங்க. ஆளுக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். பேரு கேக்க மாட்டோம், வீட்டுக்குச் சொல்ல மாட்டோம்னு முதல் திரையிலேயே எழுதி வச்சேன். இந்தப் பக்கமெல்லாம் பொண்ணுக்கு மனசு சரியில்லன்னு வீட்டுக்குத் தெரிஞ்சா, அடுத்த வாரமே படிப்ப நிறுத்தி மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சுடுவாங்க. எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேருக்கு நடந்துச்சு. பல்கலைக்கழகத்துல மனநல கவுன்சிலரா இருக்குற சந்திரகலா மேடமும் அதையேதான் சொன்னாங்க. ஒரு விளக்கு தொடர்ந்து அஞ்சு நாள் ஒண்ணுலேயே கெடந்தா அவங்களுக்குத் தகவல் போவும். அவங்க ஆப் வழியா, பேசலாமான்னு கேப்பாங்க. வேணும்னா அந்தப் பிள்ள பேசலாம்.

நெட் இல்லாத நாளுக்கு ஒரு வழி வேணுமேன்னு எஸ்எம்எஸ்ஸும் வச்சோம். தமிழ் எஸ்எம்எஸ் ஒண்ணுக்கு எழுபது எழுத்துதான். அதுலயும் கொம்பு, காலு, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும் பாவி மெஷினு. நான் உக்காந்து வெட்டி வெட்டி ஒரு வரி எழுதினேன். "பல்கலைக்கழக மாணவர் நலம்: இன்றைய நிலைக்கு 1 முதல் 5 வரை எண் அனுப்பவும்." முற்றுப்புள்ளியோட சேத்து சரியா எழுபது. அன்னைக்குப் பூரா அதச் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டேன். நம்பர் பட்டியல் பல்கலைக்கழகத்துல இருந்து வந்துச்சு. தினமும் காலைல ஒன்பதரைக்கு அறுபது நம்பருக்கும் அந்த வரி போவும்.

எங்க ஆபீஸ்ல ஒரு பெரிய திரை இருக்கு. அதுல அறுபது விளக்கும் ஒரே தண்ணியில மிதக்கும். ஐப்பசி மாசம், தூறலும் இல்லாம வெயிலும் இல்லாம ஒரு சாம்பல் வெளிச்சம் ஜன்னல் வழியா வரும். கடல் சத்தம், கீழ சொல்தா வீட்டு ரேடியோ, திரையில அறுபது விளக்கு. நான் நாற்காலில காலத் தூக்கி வச்சுக்கிட்டு பாத்துட்டே இருப்பேன். சில விளக்கு திங்கக்கிழமை மங்கி வெள்ளிக்கிழமை ஏறும். சிலது பரீட்சை அன்னைக்கு அப்படியே படுத்துடும். பாக்கப் பாக்க எனக்குக் கண்ணு சொக்கும். எது திரை, எது தூக்கம்னு தெரியாது. தண்ணி மேஜையத் தாண்டி வந்து என் கால நனைக்கிற மாதிரி இருக்கும்.

அதுல முப்பத்தேழாம் விளக்கு எனக்கு செல்லம். முதல் சில நாள் போக, ரெண்டு வாரமா அது ஏறவுமில்ல, இறங்கவுமில்ல. அசையாம, பாதி வெளிச்சத்துல, அவ்வளவு அமைதியா நின்னுச்சு. நானே அதுக்கு ஒரு பொண்ண உருவாக்கி வச்சுக்கிட்டேன். நிதானமானவ. சாயங்காலம் பீச்சுல பாறை மேல உக்காந்து மல்லாட்டய உரிச்சுத் தின்னுக்கிட்டு கடலப் பாக்குறவ. யாரு என்ன சொன்னாலும் சரின்னு சிரிக்கிறவ. ரெண்டு தடவ அவ கனவுல கூட வந்தா. பல்கலைக்கழகத்துக்காரங்க பாக்க வந்தப்போ அவங்ககிட்டயே காட்டினேன். பாருங்க, எவ்வளவு நிதானமான பிள்ளன்னு சொன்னேன். இப்ப நெனச்சா என்னையே நாலு சாத்து சாத்தலாம்போல இருக்கு.

சனிக்கிழமை. மணி பதினொண்ணு இருக்கும். இளம்பரிதி மூணு வார ரிப்போர்ட்ட எடுத்துட்டு இருந்தான்.

"க்கா, இந்த முப்பத்தேழு தினமும் ரெண்டு தடவ போடுது. ஆப்ல ஒண்ணு, எஸ்எம்எஸ்ல ஒண்ணு."

"ரெண்டு தடவ போட்டா என்ன? சராசரி எடுக்கச் சொல்லித்தானே வச்சிருக்கோம்."

"எடுக்குது. ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டலயே. நீயே வந்து பாரு."

எழுந்து போய்ப் பாத்தேன். எஸ்எம்எஸ் பக்கம் அஞ்சு, அஞ்சு, அஞ்சு. இருபது நாளும் அஞ்சு. ஒரு நாள் தவறல, காலைல ஒன்பது முப்பத்தொண்ணுக்கு வந்து விழுந்திருக்கு. ஆப் பக்கம் பாத்தேன். முதல் ரெண்டு நாள் மூணு. அப்புறம் ரெண்டு. அப்புறம் ஒண்ணு. அதுக்கப்புறம் பதினாலு நாளா வெறும் ஒண்ணு.

அஞ்சும் ஒண்ணும் சேந்தா ஆறு. ரெண்டால வகுத்தா மூணு. அதான் அசையாத பாதி வெளிச்சம். அஞ்சு நாள்ல சந்திரகலா மேடத்துக்குப் போயிருக்க வேண்டிய தகவல் போகவே இல்ல. அந்தப் பிள்ள தினமும் விரலக் கீழ இழுத்து இழுத்து, முடியல முடியலன்னு சொல்லிட்டு இருந்திருக்கா. நான் கால மேல போட்டுக்கிட்டு, ஆஹா என்ன அமைதின்னு ரசிச்சிருக்கேன். சராசரி போட்டுடுடான்னு சொன்னதும் நான்தான். இளம்பரிதி அப்பவே, வேணாம்க்கா யோசிச்சுப் போடலாம்னு சொன்னான். அப்ப எனக்கு விளக்கு எந்தப் பக்கம் சாஞ்சு ஆடணும்ங்கறதுதான் பெரிய கவலை.

"இன்னைக்கு என்ன போட்டிருக்கா?"

"எஸ்எம்எஸ்ல அஞ்சு. ஆப் இன்னும் திறக்கவே இல்ல. இருபது நாள்ல இன்னைக்குத்தான் திறக்கல."

சந்திரகலா மேடத்துக்குப் போன் போட்டேன். அவங்க உடனே ஆப்ல, பேசலாமான்னு அனுப்பினாங்க. பதில் இல்ல. பேரு பட்டியல் பல்கலைக்கழக ஆபீஸ் அலமாரிக்குள்ள, அந்த ஆபீஸ் சனி ஞாயிறு லீவு. பேரு தெரியாதுங்கறதுதான் நாங்க இத்தன நாளா பெருமையா சொல்லிக்கிட்டது. இப்ப அந்தப் பெருமையே கழுத்தப் பிடிக்குது. கையில இருந்தது அந்த எஸ்எம்எஸ் நம்பர் ஒண்ணுதான்.

"நீங்களே பேசிப் பாருங்க சங்கரி. பதட்டப்படாம பேசுங்க, கேள்வியா அடுக்காதீங்க"ன்னாங்க மேடம்.

போன் போட்டேன். ஒரு பொண்ணு குரல எதிர்பார்த்துக் காத்துட்டு இருந்தா, கடகடன்னு ஏதோ மெஷின் ஓடுற சத்தம். அதுக்கு மேல ஒரு ஆம்பள கத்துறாரு.

"அலோ, யாரு?"

"சார், பல்கலைக்கழக மாணவர் நலம்னு மெசேஜ் வருமே..."

"ஆங், யுனிவர்சிட்டி மேடமா? வணக்கம் மேடம். இன்னைக்கும் அஞ்சு போட்டுட்டனே, வரலயா?"

"எதுக்கு சார் அஞ்சு?"ன்னு கேட்டேன்.

"பாப்பாவுக்குத்தான் மேடம். கவிநிலா. எங்க பொண்ணு. இன்னைய நிலைக்கு ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் போடுன்னு கேக்குறீங்களே. பெத்தவங்க மார்க்கு போடணும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். பெத்தவன் எவனாவது கம்மியா போடுவானா? ஒரு நாள் விடாம அஞ்சுதான். ஏன் மேடம், பத்தலயா?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நம்ம ஊர்ல ஃபாரத்துல மொபைல் நம்பர்னு ஒரு கட்டம் இருந்தா, கை தானா அப்பா நம்பரத்தான் எழுதும். ஒண்ணாங்கிளாஸ் ஃபாரத்துல இருந்து பழகின கை அது. நான் காலேஜ் சேந்தப்போ எங்க மாமா நம்பர எழுதினேன். அந்தப் பட்டியல்ல பாதி நம்பர் அப்பாங்களோடதாத்தான் இருக்கும். மத்த அப்பாங்க விளம்பரம்னு அழிச்சிருப்பாங்க. இந்த ஒரு மனுஷன் மட்டும் பொண்ணுக்கு மார்க்கு வாங்கிக் குடுத்துட்டு இருந்திருக்காரு. இது தெரியாத ஊர்க்காரியா நான்? எழுபது எழுத்த எண்ணத் தெரிஞ்ச எனக்கு, அது யாரு கைக்குப் போவும்னு யோசிக்கத் தெரியல.

"நீங்க எங்க இருக்கீங்க சார்?"

"தேங்காய்த்திட்டு ஆர்பர்ல மேடம். ஐஸ் மிஷின்ல. சாமிக்கண்ணுன்னு கேட்டா சொல்லுவாங்க."

ஸ்கூட்டிய எடுத்துட்டுப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே கணக்குத்தான். அவர்கிட்ட பொண்ணோட நம்பர வாங்கணும். ஏன்னு சொல்லக் கூடாது. சொன்னா அந்தப் பிள்ளைக்கு நாங்க குடுத்த வாக்கு போச்சு, படிப்பும் போகலாம். சொல்லாம விட்டா... அதுக்கு மேல யோசிக்கப் பயமா இருந்துச்சு. தூறல் ஹெல்மெட் கண்ணாடியில படிஞ்சு, ரோடு கலங்கித் தெரிஞ்சுது. மரப்பாலத்துக்கிட்ட எதிர்ல வந்த பஸ் வெளிச்சம் ரெண்டும் எனக்கு அகல் விளக்கு மாதிரியே தெரிஞ்சுது.

ஆர்பர்ல மீன் ஏலம் முடிஞ்சு போட்டெல்லாம் சும்மா ஆடிட்டு இருந்துச்சு. தண்ணிக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். ஐஸ் உடைக்கிற கொட்டாய்க்குள்ள நுழைஞ்சா, வெளிய இருந்த புழுக்கம் சட்டுன்னு நின்னு போச்சு. தரை பூரா வெள்ளைப் புகை, முழங்கால் உயரத்துக்கு. அதுக்குள்ள இருந்து ஒரு ஆளு மெதுவா நடந்து வந்தாரு. கால் இருக்கா இல்லையான்னே தெரியல. அம்பது வயசு இருக்கும். ரப்பர் பூட்ஸு, மடிச்சுக் கட்டின லுங்கி, தலையில முண்டாசு. என்னப் பாத்ததும் முண்டாச அவுத்துட்டாரு.

"நீங்களே வந்துட்டீங்களா மேடம்? போன்ல சொன்னாப் போதாதா. டீ சொல்லட்டா?"

"வேணாம்ணா. கவிநிலாவோட நம்பர் மட்டும் குடுங்க."

"எதுக்கு மேடம்?"

சாதாரணமாத்தான் கேட்டாரு. பொய் சொல்ல வாயெடுத்தேன். ஸ்காலர்ஷிப்புன்னு சொல்லலாம், சர்டிபிகேட்டுன்னு சொல்லலாம். அவர் மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் வரல.

"ஒரு தப்பு நடந்துபோச்சுண்ணா. தப்பு எங்களோடதுதான். அந்த நம்பர் மார்க்கு இல்ல. இன்னைக்கு மனசு எப்படி இருக்கு, நல்லா இருந்தா அஞ்சு, ரொம்ப முடியலன்னா ஒண்ணு, அப்படின்னு கேக்குறது. பிள்ளைங்கதான் சொல்லணும். அது உங்களுக்கு வந்துட்டு இருந்துச்சு."

அவர் பக்கத்துல இருந்த ஐஸ் பெட்டி மேல உக்காந்தாரு. அப்புறம் மெஷின்காரரப் பாத்து கையக் காட்டினாரு. கடகடன்னு ஓடிட்டு இருந்தது நின்னுச்சு. அந்த அமைதியில ஐஸு உருகிச் சொட்டுற சத்தம் கேட்டுச்சு.

"வீட்ல அவங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மேடம். நான்தான் படிச்சுச் சொல்லுவேன். தினமும் கேப்பா, இன்னைக்கு போட்டியா போட்டியான்னு. பாகூர்ல இருந்து காலைல முத பஸ்ல வருவேன். ஒன்பதரைக்கு மெசேஜ் வந்ததும் அது ஒண்ணுதான் வேல. போட்டுட்டுத்தான் டீயே குடிப்பேன்." நிறுத்தினாரு. "அப்ப பாப்பாவும் போடுறாளா, தனியா?"

"போடுறாங்க."

"எவ்வளோ?"

"அத நான் சொல்லக் கூடாதுண்ணா. சொல்ல மாட்டோம்னு அவங்களுக்கு வாக்கு குடுத்திருக்கோம்."

அவர் என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு. நான் தரையப் பாத்தேன். தரையப் பாத்ததே அவருக்கு பதில் சொல்லிடுச்சுன்னு அப்புறம்தான் தோணுச்சு, ஆனா நான் அழுதுட்டு இருந்தேன், என்ன பண்ண. அவர் கோவப்படுவாரு, படிப்பும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்னு கத்துவாரு, அவள இழுத்துட்டுப் போயிடுவாருன்னு பயந்துட்டு நின்னேன். அவர் சட்டப் பையில இருந்து பட்டன் போன எடுத்தாரு. கை ஈரத்த லுங்கில துடைச்சாரு. மிஷினுக்குப் பக்கத்துலயே நின்னு காது போயிடுச்சு மேடம்னு சொல்லிட்டு ஸ்பீக்கர்ல போட்டாரு.

ரிங் போச்சு. எடுக்கல. திரும்பப் போட்டாரு. எடுக்கல. மூணாவது தடவ, ரிங் முடியப் போற நேரத்துல, ஒரு குரல் வந்துச்சு. நான் கனவுல கேட்ட குரல் இல்ல. அது கரகரன்னு, ரொம்பத் தூரத்துல இருந்துச்சு.

"சொல்லுப்பா."

"சாப்டியா பாப்பா?"

"ம்."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேம்பா."

எல்லாரும் சொல்றதுதான். நானும் எங்க அம்மாகிட்ட அதத்தான் சொல்லுவேன். இதோட வச்சிடுவாருன்னு நெனச்சேன். அவர் போன வாய்க்குப் பக்கத்துல கொண்டுபோனாரு.

"எனக்கு இன்னைக்கு ரெண்டுதாம்மா."

"என்னப்பா ரெண்டு?"

"யுனிவர்சிட்டில கேக்குறாங்க இல்ல, அஞ்சுக்கு எவ்வளோன்னு. எனக்கு ரெண்டு. முட்டி வலிக்குது. ராவுல தூக்கம் வரல. நீ ஆஸ்டல் போனதுலருந்து வீட்ல நாங்க ரெண்டு பேரும் டிவியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம், பேச ஒண்ணும் இல்ல. யார்கிட்டயும் சொல்லல. உங்கிட்டதான் சொல்றேன். உனக்கு எவ்வளோம்மா?"

அந்தப் பக்கம் ஒரு ஃபேன் சுத்துறது மட்டும் கேட்டுச்சு. கொட்டாய்ல வேல பாக்குற நாலு பேரும் அப்படியே நின்னுட்டாங்க.

"ஒண்ணுப்பா."

சொன்னதும் அந்தப் பிள்ள அழ ஆரம்பிச்சுது. பதினாலு நாளு அழுகை.

"சரி. சரிம்மா. ஒண்ணுன்னா ஒண்ணு. யாரு கேக்கப் போறா? நான் வரேன் இரு. வீட்டுக்குக் கூப்ட வரல, சும்மா உன்னப் பாக்க வரேன். போன வைக்காத."

வண்டியில ஏறுங்கண்ணான்னேன். பூட்ஸக் கழட்டாமலே பின்னாடி ஏறிக்கிட்டாரு. அவ தங்கியிருக்கறது பிள்ளைச்சாவடில ஒரு லேடீஸ் ஆஸ்டல்னாரு. ஊரோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி. தூறல்ல நான் மெதுவாத்தான் ஓட்டினேன். சிக்னல்ல நின்னப்போ சந்திரகலா மேடத்துக்கு இடத்த மட்டும் அனுப்பினேன், அவங்களும் கிளம்பி வரேன்னாங்க. பின்னாடி அவர் ஸ்பீக்கர அணைச்சுட்டு, போனக் காதுல அழுத்திக்கிட்டு, வேற எதுவும் கேக்காம, தாண்டுற ஊரெல்லாம் சொல்லிட்டே வந்தாரு.

"மரப்பாலம் தாண்டிட்டோம் பாப்பா." கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்ப முதலியார்பேட்டை." அப்புறம், "அஜந்தா சிக்னல்ல நிக்கிறோம், செவப்பு விழுந்திருக்கு." ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பக்கத்துல இருந்து ஒரு ம் வந்திருக்கணும். ஏன்னா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிறுத்தி, கேட்டுட்டு, அப்புறம்தான் அடுத்தது சொன்னாரு. தூறல்ல ஊரே கரைஞ்சு போயிருந்துச்சு. கட தெரியல, போர்டு தெரியல. அவர் பேரு சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொரு இடமும் எனக்கே வந்துச்சு. "முத்தியால்பேட்டை மணிக்கூண்டு." "கோட்டக்குப்பம்." "கடல் தெரியுது பாப்பா, இடது பக்கமா... இல்ல, வலது பக்கம்." அவரு திணறினதுக்கு அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, ஹ்ம்னு மூக்கால லேசா சிரிச்சாரு.

பிள்ளைச்சாவடி வளைவுல திரும்பினேன். ஆஸ்டல் எதுன்னு நான் கேக்க வேண்டியே வரல. கேட்டுக்கு வெளிய, தூறல்ல, தல வாராம, செருப்பு போடாம, காதுல போனோட ஒரு பொண்ணு நின்னுட்டு இருந்தா.